அலைக்குச் சோறும் ஒன்று, அழுக்கும் ஒன்று

மைக்ரோவேவ் ஓவனின் கதவைத் திறந்து உள்ளே வலது பக்கச் சுவரைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அங்கே பழுப்பு கலந்த வெள்ளி நிறத்தில், அட்டை மாதிரி ஒரு சின்னச் சதுரம் பொருத்தப்பட்டிருக்கும். பேக்கிங்கோடு வந்த அட்டை என்று நினைத்து அதைப் பிய்த்துப் போட்டவர்கள் உண்டு. கறை பிடித்துவிட்டதே என்று கம்பி நார் வைத்துத் தேய்த்தவர்களும் உண்டு. அது மைக்கா, நம் பழைய பெயரில் சொன்னால் காக்காப்பொன். மேக்னட்ரான் என்ற குழாயில் கிளம்பும் அலைகள் ஓர் உலோகப் பாதை வழியாக வந்து, இந்தத் தகட்டைக் கடந்துதான் அடுப்புக்குள் இறங்குகின்றன. அலைகளைத் தடுக்காமல் விட வேண்டும். அதே சமயம் சாம்பாரின் ஆவியும் எண்ணெய்த் துளியும் அந்தப் பாதைக்குள் போய்விடக் கூடாது. இரண்டு வேலையையும் பார்ப்பது இந்த மெல்லிய தகடுதான்.

அதன்மேல் ஒரு துளி குழம்பு தெறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அது வெறும் ஈரக்கறை. மறுநாள் பால் சுடவைக்கும்போது அந்தக் கறையும் சேர்ந்து சுடும். நான்கைந்து நாளில் தண்ணீர் முழுக்க வற்றி, எண்ணெயும் மசாலாவும் கருகிக் கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அலைகளை வெகு வேகமாக உறிஞ்சும். அலைகள் வந்து இறங்கும் வாசலிலேயே அது உட்கார்ந்திருக்கிறது வேறு. ஒரு நாள் அந்தக் கரும்புள்ளியிலிருந்து படபடவென்று பொறி பறக்கும், தகட்டில் ஓட்டை விழும். அப்போதும் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பின்னால் இருக்கும் மேக்னட்ரானின் நுனித் தொப்பியே உருகிப்போகும்.

கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் அந்தக் கறை பர்னரைச் சுற்றிச் சும்மா கிடக்கும், சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம். மைக்ரோவேவில் அப்படிக் கிடக்காது. உள்ளே எது இருந்தாலும் அலைகள் அதைச் சூடாக்கும். எது சாப்பாடு, எது நேற்றைய சிந்தல் என்று பிரித்துப் பார்க்க அவற்றுக்குத் தெரியாது. சுத்தம் செய்வதைப் பளபளப்புக்காகவும் வாசனைக்காகவும் செய்யும் வேலையாக நினைக்கிறோம். மைக்ரோவேவைப் பொறுத்தவரை அது தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

இந்த அலைகளின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும். அடுத்தடுத்த இரண்டு சூடான இடங்களுக்கு நடுவில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அதனால்தான் கண்ணாடித் தட்டு சுற்றுகிறது. சுற்றியும்கூடத் தட்டின் நடுப்பகுதியில் வைத்தது ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒரு கிண்ணத்தை நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்தால் சூடு சீராகப் பரவும். கெட்டியான உணவுக்குள் அலைகள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்கு உள்ளே இருக்கும் பகுதி, வெளிப்பக்கத்துச் சூடு மெல்ல ஊறித்தான் வேக வேண்டும். பொங்கலை உருண்டையாகக் குவித்து வைத்தால் வெளியே கொதிக்கக் கொதிக்க இருக்கும், நடுவில் ஃபிரிட்ஜ் குளிர்ச்சி அப்படியே இருக்கும். பரப்பி வைத்து, நடுவில் ஒரு குழி விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீரும் உப்பு கரைந்த நீரும் அலைகளை நன்றாக உறிஞ்சும். கொழுப்பும் சர்க்கரையும் ஓரளவு உறிஞ்சும். பனிக்கட்டி மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். உறைந்த இறைச்சியை முழு வேகத்தில் வைத்தால் முதலில் உருகிய ஓரத்துத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். நடுப்பகுதி கல்லாகவே கிடக்கும். டிஃப்ராஸ்ட் பொத்தான் செய்வது இதற்கான ஏற்பாடுதான். சாதாரண மாடல்களில் குறைந்த பவர் என்றால் மேக்னட்ரான் மெதுவாக வேலை செய்கிறது என்று பொருளில்லை. கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். உர்ரென்ற சத்தம் கூடிக் குறைவதைக் காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். நிற்கும் நேரத்தில் சூடு உள்ளே பரவுகிறது.

சுத்தம் செய்யும் முறை

தினமும் செய்ய வேண்டியது அரை நிமிட வேலை. கடைசியாகச் சூடாக்கிய பிறகு, உள்ளே ஆவி படிந்திருக்கும்போதே, ஈரத் துணியால் தட்டையும் சுவர்களையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு பத்து நிமிடம் தேய்க்க வேண்டியது, ஈரமாக இருக்கும்போது ஒரே இழுப்பில் வந்துவிடும். இதை விடாமல் செய்கிற வீட்டில் மைக்காத் தகடு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

வாரத்துக்கு ஒரு முறை ஆவி பிடிக்கும் முறை. அகலமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தோலோடு போடுங்கள், அல்லது இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றுங்கள். மறக்காமல் ஒரு மரக்கரண்டியையோ உலோகம் இல்லாத ஐஸ்கிரீம் குச்சியையோ அதில் போட்டுவிடுங்கள், காரணம் கீழே. முழு பவரில் 3 முதல் 5 நிமிடம், கதவின் கண்ணாடியில் ஆவி நன்றாகப் படியும்வரை ஓடவிடுங்கள். நின்ற பிறகு கதவைத் திறக்காமல் 5 நிமிடம் விட்டுவிடுங்கள். சுத்தம் செய்வது உண்மையில் இந்த 5 நிமிடம்தான். கருகிப்போன சிந்தல் அந்த ஈரத்தைக் குடித்து இளகுகிறது. அவசரப்பட்டுத் திறந்தால் ஆவி போய்விடும், கறை அப்படியே இருக்கும்.

பிறகு சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிண்ணம் கொதிக்கும், கைப்பிடித் துணியோடு எடுங்கள். கண்ணாடித் தட்டையும் அடியில் இருக்கும் சக்கர வளையத்தையும் வெளியே எடுத்து ஓரமாக வையுங்கள். சூடான தட்டைக் குழாயடியில் காட்டினால் விரிசல் விடும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் கழுவ வேண்டும்.

துடைப்பதைக் கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலானவர்கள் தொடாமல் விடுவது அந்தக் கூரைதான். கொதிக்கும் ரசமும் குழம்பும் மேல்நோக்கித்தான் தெறிக்கும். கிரில் இருக்கும் மாடலில் சூடேற்றும் கம்பியும் அங்கேதான் இருக்கிறது. அது நன்றாக ஆறிய பிறகு ஈரத் துணியால் மென்மையாகத் தொட்டுத் துடைத்தால் போதும், அழுத்தக் கூடாது. அடுத்துச் சுவர்கள், பிறகு தரை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அதற்குப் பிறகு உலர்ந்த துணி. சொட்டச் சொட்டத் துடைத்தால் சுவரில் இருக்கும் காற்றுத் துளைகள் வழியாகவும், நடுவில் தட்டைச் சுழற்றும் தண்டின் பக்கவாட்டு இடுக்கு வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். அந்தத் தண்டுக்கு நேர் கீழே ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. தட்டு சுற்றாமல் நின்றுவிட்டது என்று புகார் வரும்போது, பாதிக்கு மேல் காரணம் இந்த இடத்தில் காய்ந்து ஒட்டிய பாலோ, வளையத்தின் சக்கரத்தில் சிக்கிய சோற்றுப் பருக்கையோதான் என்பது என் கணிப்பு. மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் சக்கரங்களைக் கழுவிப் பாருங்கள்.

மைக்காத் தகட்டைத் தேய்க்கவே கூடாது. அது அடுக்கடுக்கான தகடு, அழுத்தினால் உதிரும். பிழிந்த துணியால் ஒற்றியெடுங்கள், ஈரம் காயும்வரை ஓவனை ஓட்டாதீர்கள். கரும்புள்ளி போகவில்லை, ஓரம் பிரிந்திருக்கிறது, ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். உதிரிபாகக் கடைகளில் மைக்கா ஷீட் தனியாகக் கிடைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய தகட்டை எடுத்து, புது ஷீட்டின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டினால் சரியாகப் பொருந்தும். தகட்டைக் கழற்றியிருக்கும்போது பின்னால் இருக்கும் பாதையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். தகடு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். சில மாடல்களில் மைக்காவுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை அந்த மாடலுக்கான மூடியாகவே வாங்கிப் போடுங்கள்.

காய்ந்து பாறையான கறைக்கு ஆப்ப சோடா நல்லது. இரண்டு மேசைக்கரண்டி சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் பசையாகக் குழைத்து, கறையின்மேல் அப்பி, 15 நிமிடம் விட்டு மென்மையான ஸ்பாஞ்சால் துடையுங்கள். வெள்ளைப் படலம் மிஞ்சாமல் இரண்டு தடவை துடைத்தெடுக்க வேண்டும். சோடாவையும் வினிகரையும் ஒரே கிண்ணத்தில் கலப்பதில் பயனில்லை. நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், கத்தி முனை, பிளீச்சிங் பவுடர், கேஸ் அடுப்புக் கரி நீக்கும் காரத் திரவம் எதுவும் வேண்டாம். சுவரில் ஒரு கீறல் விழுந்தால் பூச்சு பெயரும். கம்பி நாரின் ஓர் இழை உள்ளே உதிர்ந்து கிடந்தால் அடுத்த முறை அதுவே பொறி கிளப்பும்.

மஞ்சள் கறை நம் சமையலோடு கூடப் பிறந்தது. சுவரில் லேசான மஞ்சள் நிறம் மட்டும் மிஞ்சியிருந்தால் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். நிறம் தீங்கு செய்யாது, பிசுக்குத்தான் தீங்கு செய்யும். தட்டிலும் பிளாஸ்டிக் மூடியிலும் இருக்கும் மஞ்சளுக்கு வெயிலைவிட நல்ல மருந்து இல்லை. மஞ்சளின் நிறப்பொருளை வெளிச்சம் சிதைத்துவிடும். கழுவி ஒரு பகல் மொட்டை மாடியில் வைத்தால் வெளுத்துவிடும். மீன், கருவாட்டு வாடை போக, ஆவி பிடித்த பிறகு ஒரு கிண்ணத்தில் கால் கப் ஆப்ப சோடாவை ஓவனுக்குள் இரவு முழுக்க வைத்து, காலையில் எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்து அப்படியே ஓட்டிவிடாமல் இருக்க, பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள். கதவைப் பத்து நிமிடம் திறந்துவைத்து உள்ளே உலரவிடுவதும் அவசியம், முக்கியமாகக் கடலோர ஊர்களில். ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் தட்டுக்கு அடியில்தான் முதலில் துரு பிடிக்கும். பூச்சு பெயர்ந்த இடத்தில் பொறி வரும். சின்னப் பெயர்ச்சி என்றால் மைக்ரோவேவ் உட்சுவருக்கென்றே விற்கும் பூச்சை அடிக்கலாம். சாதாரண எனாமல் பெயின்ட் கூடாது. துரு அரித்து உலோகத்தில் துளையே விழுந்துவிட்டால் அந்த ஓவனின் ஆயுள் முடிந்தது. மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

வெளிப்புறத்திலும் ஒரு வேலை இருக்கிறது. ஓவனின் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும் துளைகள் வழியாகத்தான் மேக்னட்ரானைக் குளிர்விக்கும் காற்று போய் வருகிறது. பல வீடுகளில் ஓவனின்மேல் பின்னல் துணி போர்த்தி, அதன்மேல் பூச்சாடி வைத்திருப்பார்கள். துணி துளைகளை மூடினால் மேக்னட்ரான் வெந்து சாகும். பின்னால் ஒரு சாண் அளவில் பாதியாவது, மேலே ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள். உங்கள் மாடலின் கையேடு அதிகம் கேட்டால் அதன்படி. வெதுவெதுப்பும் இருட்டும் இருப்பதால் கரப்பான்பூச்சிக்கு இந்தத் துளைகளுக்குள் இருக்கும் இடம் மிகவும் பிடிக்கும். பொத்தான் பலகைக்குப் பின்னால் குடியேறிச் சர்க்யூட்டைக் கெடுத்துவிடும். அதற்காகத் துளைக்குள் பூச்சி மருந்தை அடிக்காதீர்கள். அந்த ஸ்பிரேக்களில் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. ஓவனைத் தூக்கி அடியில் சேர்ந்த துணுக்குகளைக் கூட்டுவதும், மருந்துப் பசையை அலமாரியின் மூலையில் மட்டும் வைப்பதும் போதும்.

எதை வைக்கலாம், எது வெடிக்கும்

மேலே மரக்கரண்டி போடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். வழுவழுப்பான கண்ணாடிப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரை மைக்ரோவேவில் சூடாக்கினால், சில நேரம் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அமைதியாக நிற்கும். குமிழி உருவாக ஒரு பிடிமானம் வேண்டும். வழவழப்பான சுவரில் அது கிடைப்பதில்லை. அடுப்பில் அடிப்பக்கம் மட்டும் சூடாவதால் அங்கே குமிழி எழும். இங்கே முழுத் தண்ணீரும் ஒன்றாகச் சூடாகிறது. அந்த நிலையில் ஒரு கரண்டி காபித்தூளோ சர்க்கரையோ போட்டால், அல்லது கிளாஸைத் தூக்கும்போது லேசாக அசைந்தால், தண்ணீர் முழுதும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி சுடவைக்கும்போது இந்த அபாயம் இன்னும் அதிகம். மரக்குச்சி ஒன்று உள்ளே கிடந்தால் குமிழிகள் அதைப் பிடித்து எழும். குச்சி இல்லையென்றால், நின்ற பிறகு ஒரு நிமிடம் தொடாமல் விட்டு எடுங்கள். ஓவனை ஃபிரிட்ஜின் தலைமேல் வைக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். கொதிக்கும் பாத்திரத்தை முகத்துக்கு மேலிருந்து இறக்கக் கூடாது.

முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள் என்பது பலருக்குத் தெரியும். வேகவைத்து உரித்த முட்டையைச் சூடாக்குவதும் ஆபத்து என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. மஞ்சள் கருவுக்குள் அடைபட்ட ஆவி, எடுத்துக் கடிக்கும்போது வெடிக்கலாம். நான்காக வெட்டிவிட்டுச் சூடாக்குங்கள். உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கத்தரிக்காய் முழுதாக வைப்பதானால் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்துங்கள். காற்றுப் புகாத மூடியோடு எதையும் வைக்காதீர்கள். மூடியைத் தளர்த்தி மேலே வைத்தால் தெறிக்கவும் தெறிக்காது, ஆவியும் அடைபடாது. கேரட், பச்சை மிளகாய், கீரை இவற்றை மட்டும் கொஞ்சமாக வைத்தால் சின்னப் பொறி வருவதுண்டு. அவற்றில் இருக்கும் தாது உப்பும் வெட்டிய கூர்மையான ஓரமும்தான் காரணம். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து வைத்தால் நின்றுவிடும்.

காய்ந்த மிளகாயை வறுக்க மைக்ரோவேவைப் பயன்படுத்த வேண்டாம். ஈரமில்லாத பொருள் ஒரு கட்டத்துக்கு மேல் நேராகக் கருகலுக்குப் போகும், அந்த நெடி வீட்டையே காலி செய்ய வைக்கும். தாளிப்பு எண்ணெயும் கூடாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து நிற்கும். எண்ணெய்க்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, கண்ணாடிக் கிண்ணம் விரிசல் விடும்வரை ஏறிக்கொண்டே போகும். அப்பளம் நன்றாக வரும். ஒன்றோ இரண்டோ வைத்து, 40 முதல் 60 விநாடி, பக்கத்திலேயே நின்று பார்த்துச் சுட வேண்டும். எதுவும் வைக்காமல் காலியாக ஓட்டினால் உறிஞ்ச ஆளில்லாத அலைகள் மேக்னட்ரானுக்கே திரும்பிப் போய் அதைக் கெடுக்கும். குழந்தைகள் பொத்தானை அழுத்தி விளையாடும் வீட்டில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஓவனைப் பிரெட்டும் பிஸ்கட் டின்னும் வைக்கும் அலமாரியாக ஆக்கவும் வேண்டாம்.

எவர்சில்வர் ஏன் கூடாது? உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும், சோறு சூடாகாது. கூர்மையான விளிம்பிலும் சுவரைத் தொடும் இடத்திலும் பொறி கிளம்பும். தங்க ஓரம் போட்ட பீங்கான், ஃபாயில் ஒட்டிய பிரியாணிப் பொட்டலம், பார்சலில் மாட்டியிருக்கும் ஸ்டேப்ளர் பின், டீ பேக் நூலின் பின் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். செய்தித்தாளில் மடித்த பஜ்ஜியை அப்படியே உள்ளே தள்ளுவது இரட்டைத் தவறு; மை உணவில் ஏறும், காகிதம் தீப்பிடிக்கும். மெலமைன் தட்டு பீங்கான் மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக் வகை. அது தானே சூடாகும், ஃபார்மால்டிஹைடு கசியும், பரிமாறுவதோடு சரி. மண்சட்டி கழுவும்போது குடித்த தண்ணீரால் சூடாகி வெடிக்கலாம். பிளாஸ்டிக்கில், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் பாலிப்ரோப்பிலீன் ஓரளவு தாங்கும். 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற முத்திரையும் இருக்க வேண்டும். ஆனால் எண்ணெய் மிதக்கும் குழம்பையும் அல்வாவையும் அதில்கூடச் சூடாக்க வேண்டாம். எண்ணெய்ப் படலம் 100 டிகிரியைத் தாண்டிப் போய், குழம்பு மட்டத்தில் பிளாஸ்டிக்கைப் பொரித்துவிடும். பழைய டப்பாக்களில் செம்மஞ்சள் வளையமும் சொரசொரப்பும் விழுவது அதனால்தான். ஹோட்டல் பார்சல் டப்பா ஒருமுறை உபயோகத்துக்கானது, உணவைக் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள்.

சந்தேகமான பாத்திரத்துக்கு ஒரு சோதனை உண்டு. உலோகம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, காலிப் பாத்திரத்தையும் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் முழு பவரில் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி, பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் அது சரியான பாத்திரம். பாத்திரம் சுட்டால் வேண்டாம்.

கன்வெக்‌ஷன் மாடல் (சூடான காற்றைச் சுழற்றி கேக், ரொட்டி சுடும் வகை) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கேக் செய்த அதே பெட்டியில் கன்வெக்‌ஷன் முறைக்கு உலோகத் தட்டு சரி, பிளாஸ்டிக் உருகும். மைக்ரோ முறைக்கு நேர்மாறு. தவறு பெரும்பாலும் கேக் எடுத்த கையோடு நடக்கிறது. சுவர்கள் 180 டிகிரி சூட்டில் இருக்கும்போது பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பை வைத்து மைக்ரோ பொத்தானை அழுத்துவார்கள். அரை மணி நேரம் கதவைத் திறந்து ஆறவிடுங்கள்.

மிச்ச சாப்பாடும் குழந்தைப் பாலும்

சூடாக்கும் உணவு நடுவிலும் 75 டிகிரியைத் தொட வேண்டும். பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறி, முடிந்த பிறகு இரண்டு நிமிடம் மூடியே விடுவதுதான் இதற்கு வழி. இட்லிக்குத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணி போர்த்தி, இரண்டு இட்லிக்கு 30 விநாடியில் ஆரம்பித்துத் தொட்டுப் பாருங்கள், கூடினால் ரப்பராகிவிடும். சோற்றின் விஷயத்தில் மட்டும் சூடாக்குவதை நம்பவே கூடாது. அரிசியில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. வடித்த சோறு வெளியில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நச்சு, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் சோறு ஃபிரிட்ஜுக்குப் போயிருந்தால்தான் மறுநாள் மைக்ரோவேவுக்கு வரலாம்.

குழந்தையின் பால் புட்டியை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம், தாய்ப்பாலும் சரி, பவுடர் பாலும் சரி. புட்டி கைக்கு இதமாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் உறிஞ்சிலேயே குழந்தையின் வாய் வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி வைக்க ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

மின்சாரம், கதவு, தீ

பெட்டியின்மேல் 800 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து அது 1200 வாட் சுமாராக இழுக்கும், கன்வெக்‌ஷன் மாடல் 2000 வாட்டையும் தாண்டும். எனவே 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள். மிக்சி போடும் 6 ஆம்பியர் பாயின்ட்டுக்கு மாற்றும் அடாப்டரும், நீட்டிப்பு வயரும் உருகித் தீப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முயல வேண்டாம். சாயங்காலம் வோல்டேஜ் குறையும் தெருக்களில் அதே இட்லிக்குக் கூடுதல் நேரம் ஆவது ஓவனின் குற்றமில்லை. உண்மையில் ஓவன் வலுவிழந்துவிட்டதா என்று பார்க்க, அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, சமையல் வெப்பமானியால் அளந்து, சரியாக 2 நிமிடம் முழு பவரில் ஓட்டி, கிளறி மறுபடி அளங்கள். கூடிய டிகிரியை 35-ஆல் பெருக்கினால் வாட் வரும். 30 டிகிரி 50 ஆனால், 20 பெருக்கல் 35, அதாவது 700 வாட். கிண்ணமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்வதால் விடை சற்றுக் குறைவாகத்தான் வரும். 800 வாட் ஓவனில் 400 வந்தால் பழுது இருக்கிறது.

கதவில் தெரியும் சல்லடைத் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். 12 சென்டிமீட்டர் அலை அதில் நுழைய முடியாது. கதவின் ஓரத்தைச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில், அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 3 சென்டிமீட்டர் அளவுக்குக் கணக்கிட்ட ஓர் உலோகக் கால்வாய் ஓடுகிறது. இடுக்கில் தப்பும் அலையை அது உள்ளேயே மடக்கிவிடும். இந்த ஓரத்தில் பிசுக்குச் சேர்ந்து கதவு ஒட்டி மூடாவிட்டால்தான் கவலை. வாராந்திரத் துடைப்பில் இதை விட்டுவிடாதீர்கள். கதவில் துண்டு தொங்கவிடுவதும், திறந்த கதவின்மேல் பாத்திரம் வைப்பதும் கீலை வளைக்கும். ஓவனின் ஆயுள் முழுக்க, 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. 1971 முதல் வைத்திருக்கும் வரம்பு. அரை மீட்டர் தள்ளி நின்றாலே அது நூறில் ஒரு பங்காகிவிடும். இந்த அலைகளுக்கு அணுக்களைச் சிதைக்கும் சக்தி கிடையாது. ஓவன் நின்ற கணம் அவையும் நின்றுவிடும், சாப்பாட்டில் எதுவும் தங்காது. செல்போனை உள்ளே வைத்து அழைத்து, மணி அடித்தால் கசிகிறது என்று காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். மிக மெல்லிய சிக்னல் போதும் போன் அடிக்க. கதவு திறந்தும் ஓவன் ஓடுகிறது, கண்ணாடி உடைந்திருக்கிறது, கதவு ஆடுகிறது என்றால் அந்த நொடியே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று கிடைத்துத் தீ வெளியே பாயும். ஸ்டாப் பொத்தானை அழுத்தி, சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தானாக அடங்கும்வரை நில்லுங்கள். பெட்டிக்கு வெளியே தீ வந்தால் வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் தண்ணீர் சூடாகவில்லை என்றால் மேக்னட்ரான், ஹை வோல்டேஜ் டயோடு, கெப்பாசிட்டர், உள் ஃபியூஸ் இவற்றில் ஒன்று போயிருக்கும். வழக்கத்தைவிடக் கனமான உறுமல் கேட்டால் பெரும்பாலும் டயோடு ஷார்ட். இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். வெளி மூடிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைப்பது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் அதில் தங்கியிருக்கலாம். டி.வி.யையும் மிக்சியையும் தானே பிரித்துச் சரிசெய்பவர்களும் இதில் கை வைத்து உயிரை விட்டிருக்கிறார்கள். உங்கள் கை போக வேண்டிய எல்லை மைக்காத் தகடுவரைதான். அதைத் தாண்டிய திருகாணிகள் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை முறைப்படி வெளியேற்ற, அதாவது டிஸ்சார்ஜ் செய்ய, தெரிந்தவருக்கு உரியவை; வந்தவர் மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக அதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.